டிப்பரும் லொறியும் மோதிக் காயப்பட்டால்: நட்டஈட்டு வழக்குப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ-9 வீதியால் இரவில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், ஓமந்தையைத் தாண்டினால் எதிரில் வருவதில் பெரும்பாலானவை வேலை வாகனங்கள்தான். மணல் டிப்பர், கிரவல் டிப்பர், காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் நெல் மூட்டை அடுக்கிய லொறி. இவற்றில் இரண்டு மோதினால் வாகனத்துக்கு என்ன செய்வது என்று முதலாளிக்குத் தெரியும். ஏஜென்டுக்கு ஒரு கோல் போதும். உள்ளே இருந்த சாரதிக்கும் கிளீனருக்கும் கால் முறிந்தால் யாரிடம் போவது, என்ன கேட்பது என்பதில்தான் குழப்பம். அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

விளக்கத்துக்காகக் கற்பனையான ஒரு விபத்தை வைத்துக்கொள்வோம். கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவு ரயர் வெடித்த நெல் லொறி ஒன்று பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நிற்கிறது. பின் விளக்கு எரியவில்லை. வழமைபோல நாலைந்து மரக்கொப்பை முறித்துப் பின்னால் போட்டிருக்கிறார்கள். கிரவல் ஏற்றிக்கொண்டு வேகமாக வந்த டிப்பர் லொறியின் பின்மூலையில் அடிக்கிறது. டிப்பரின் இடப்பக்கத்தில் இருந்த கிளீனருக்குத் தொடை எலும்பு முறிவு, சாரதிக்கு நெஞ்சில் அடி.

விபத்து நடந்த இடத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உயிர்தான் முதல். 1990 அம்பியூலன்சுக்கு எடுங்கள், பிறகு பொலிசுக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சாரதி வாகனத்தை நிறுத்தவும், காயப்பட்டவருக்கு உதவவும், பொலிசுக்கு அறிவிக்கவும் கடமைப்பட்டவர். சனம் கூடிவிடும், அடி விழும் என்ற பயத்தில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. பயம் நியாயமாக இருந்தால் நேரே கிட்டிய பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள்.

நடக்கக்கூடிய யாராவது ஒருவர் படம் எடுக்கட்டும். இரண்டு இலக்கத் தகடு, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, பிரேக் அடித்த கோடு, கண்ணாடித் துண்டு விழுந்த இடம் எல்லாம் வேண்டும். நமது உதாரணத்தில் எல்லாவற்றுக்கும் முதல் எடுக்க வேண்டியது அந்த மரக்கொப்பைத்தான். லொறியிலிருந்து எத்தனை அடி பின்னால் போட்டிருந்தார்கள், அவை பச்சைக் கொப்பா காய்ந்ததா, வெளிச்சத்தில் தெரியுமா என்பதுதான் நாளைக்கு வழக்கின் மையம். வீதியைத் துப்புரவாக்க வருகிறவர்கள் முதலில் இழுத்துப் போடுவதும் அவற்றைத்தான்.

சந்திக் கடையிலோ பெற்றோல் செட்டிலோ சிசிரிவி இருந்தால் உடனே கேட்டுப் பிரதி எடுங்கள். பல கருவிகளில் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும். டிப்பரின் டேஷ் கெமராவும் அப்படித்தான்.

“பொலிசுக்குப் போகாமல் கதைச்சு முடிப்பம்” என்கிறார் மற்ற முதலாளி. நல்ல மனிசன்தான். போகலாமா?

தகரம் மட்டும் நெளிந்திருந்தால் உங்கள் விருப்பம். ஆளுக்குக் காயம் என்றால் வேண்டாம். இதில் இரண்டு பக்கப் பேச்சே இல்லை.

கதைத்து முடிப்பது எப்படி முடியும் என்று பாருங்கள். முதல் கிழமை வார்டுக்கு ஹோர்லிக்சும் பழமும் வரும், கையில் கொஞ்சக் காசும் வரும். இரண்டாம் மாதம் போன் எடுப்பார்கள். நாலாம் மாதம் எடுக்கமாட்டார்கள். அப்போது பொலிசுக்குப் போனால் “இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்” என்ற கேள்வி வரும். அதே கேள்வியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் இன்னும் அழகாகக் கேட்பார். நல்ல மனிதராகவே இருந்தாலும், பொலிஸ் பதிவு இல்லாத விபத்துக்கு அவருடைய காப்புறுதிக் கம்பனி காசு கொடுக்காமல் விடலாம். அவரே உதவ நினைத்தாலும் முடியாமல் போகும்.

காப்புறுதிக் கம்பனி ஆள் வந்து அந்த இடத்திலேயே காசோலை எழுதித் தருகிற ஏற்பாடு வாகனச் சேதத்துக்கானது. அந்தத் தாளில் கையெழுத்துப் போடமுன், “எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன்” என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போடாதீர்கள்.

பொலிசில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வன்னியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை, யாரும் தரும் சலுகை இல்லை. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால் வரும்வரை காத்திருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டியதும் அவர்களுடைய கடமை.

அப்படியும் சிங்களத்தில்தான் எழுதுகிறார்கள், உங்களுக்கோ கால் வலி தாங்கமுடியவில்லை, நிற்க ஏலாது என்றால் குறைந்தது இதைச் செய்யுங்கள்: மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்லுங்கள், கையெழுத்துக்குக் கீழே “சிங்களம் வாசிக்கத் தெரியாது, சொல்லக் கேட்டேன்” என்று தமிழில் உங்கள் கையால் எழுதுங்கள். ஒரு வரிதான். ஆனால் மூன்று வருடம் கழித்து, “லொறியில் விளக்கு எரிந்தது” என்று நீங்கள் சொன்னதாக அந்தத் தாளில் இருந்தால் அந்த ஒரு வரியைத்தான் உங்கள் சட்டத்தரணி பிடித்துக்கொள்வார்.

வேகம், தூரம், நேரம் பற்றித் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவேண்டாம். “நித்திரை தூங்கிக்கொண்டு வந்தேன், அடித்த சத்தத்தில்தான் முழித்தேன்” என்றால் அதையே சொல்லுங்கள். கிளீனர் நித்திரை கொள்வது குற்றமில்லை. முதலாளியைக் காப்பாற்றவென்று பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் கடைசியில் உங்கள் வழக்கைத்தான் அது தின்னும்.

பொலிஸ் கீறிய படம் எதற்கு? அதை எப்படி எடுப்பது?

சம்பவ இடத்தில் பொலிஸார் ஒரு பருமட்டான வரைபடம் கீறி அளவுகள் குறிப்பார்கள்: வீதி எத்தனை அடி அகலம், தார் விளிம்பிலிருந்து லொறியின் சில்லு எவ்வளவு உள்ளே, பிரேக் கோடு எவ்வளவு நீளம், மோதிய புள்ளி எது. சாட்சிகள் மறப்பார்கள், மாறுவார்கள். இந்தத் தாள் மாறாது. லொறியின் வலப்பக்கச் சில்லு தார் விளிம்பிலிருந்து ஆறடி உள்ளே நின்றதாகக் குறித்திருந்தால், “ஓரமாகத்தான் நிறுத்தினோம்” என்ற கதை அங்கேயே முடிகிறது. பிரேக் கோடே இல்லை என்றிருந்தால் அடி டிப்பர்காரனுக்கு.

முறைப்பாட்டுப் பிரதி, வரைபடம், மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை மூன்றையும் சட்டத்தரணி மூலம் உறுதிப்படுத்திய பிரதியாக எடுக்கலாம். பரிசோதகர் பார்க்கமுன் வாகனத்தைக் கராஜுக்கு எடுத்துவிட்டால் பிரேக் வேலை செய்ததா, பின் விளக்கு எரிந்ததா என்பதற்குச் சாட்சியமே இல்லாமல் போகும்.

வைத்தியசாலையில் என்னென்ன பத்திரம் முக்கியம்?

சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம். எம்.எல்.இ.எஃப். என்றால் வார்டில் எல்லாருக்கும் தெரியும். பொலிஸ் கொடுக்க, சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பார்த்து நிரப்புவார். வவுனியாவோ கிளிநொச்சியோ முல்லைத்தீவு மாஞ்சோலையோ மன்னாரோ, எங்கே அனுமதித்தாலும் “வீதி விபத்து” என்று சொல்லியே அனுமதியுங்கள். “வீட்டில் விழுந்தது” என்று பதியச் சொன்ன முதலாளிமார் உண்டு. அது உங்களுக்குக் குழி.

வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போட்டோக்கொப்பியும் எடுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினால் இரண்டு இடத்துக் கார்டும் வேண்டும். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே எதையும் எறிய வேண்டாம்.

வழக்கு யார் மீது போடுவது? சாரதியிடம் ஒன்றுமில்லையே.

சாரதி, அவருடைய முதலாளி இருவர் மீதும். முதலாளியின் வேலையாக ஓடும்போது சாரதி விட்ட கவலையீனத்துக்கு முதலாளியும் பொறுப்பு. முதலாளி அந்த நேரம் கொழும்பில் நின்றார் என்பது விடையல்ல.

முதலாளி யார் என்பதுதான் இங்கே சிக்கல். பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர், ஓடுவது வேறொருவர். விற்றுவிட்டு பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட தாளை மட்டும் கொடுத்திருப்பார்கள். ஓப்பன் பேப்பர் வாகனம். குருநாகலில் பதிந்த லொறி மூன்று கைமாறி முல்லைத்தீவில் ஓடும். ஆகவே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்து உரிமையாளர் விவரத்தை எடுங்கள். பதிவு உரிமையாளர், உண்மையில் வாகனத்தை வைத்திருப்பவர் இருவரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பது பாதுகாப்பு. ஒருவர் “விற்றுவிட்டேன்” என்பார், மற்றவர் “என் பெயரில் இல்லை” என்பார். இருவரும் ஒரே மன்றில் நின்றால் அந்த விளையாட்டு சரிவராது. லீசிங் கம்பனி முற்றுரிமையாளராகப் பதிவில் இருக்கும். கடன் கொடுத்தது என்பதற்காக மட்டும் சாரதியின் பிழையை அதன் தலையில் கட்டமுடியாது.

நான் கிளீனர். என் முதலாளியிடம் கேட்பதா, மற்ற லொறிக்காரரிடம் கேட்பதா?

வழி இரண்டு. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு இடம்.

ஒன்று, தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். வேலையின்போது, வேலை காரணமாகக் காயம் என்றால் முதலாளி கட்டவேண்டும். யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. டிப்பர் சாரதி தானே பிழை விட்டிருந்தாலும் அவரும் கேட்கலாம். குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் கதை வேறு. விண்ணப்பம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு. படிவம் பற்றித் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். இதில் உச்சவரம்பு உண்டு. 2022இல் வந்த திருத்தம் அதை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது.

மற்றது, மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண நட்டஈட்டு வழக்கு. நம் நாட்டில் இதற்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். இதில் எதிராளியின் கவலையீனத்தை நீங்கள் நிரூபிக்கவேண்டும், பல வருடம் இழுக்கும். ஆனால் உச்சவரம்பு இல்லை, நோவுக்கும் வேதனைக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

ஒரே காயத்துக்கு ஒரே முதலாளியிடம் இரண்டு வழியாலும் காசு எடுக்கமுடியாது. ஒன்றைத் தொடங்கினால் மற்றக் கதவு அடைபடலாம். ஆகவே படிவத்தை நிரப்பிக் கொடுக்க முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். எங்கள் கருத்து: மற்ற லொறியின் பிழை தெளிவாக இல்லை, காயமும் மட்டான காயம் என்றால் ஆணையாளர் வழிதான் நல்லது. கால் போய்விட்டது, வயது முப்பது, மற்ற வாகனத்துக்கு நல்ல காப்புறுதி இருக்கிறது என்றால் மாவட்ட நீதிமன்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எனக்கு நியமனக் கடிதம் இல்லை, ஈ.பி.எஃப். இல்லை. ட்ரிப் கணக்குக்குத்தான் காசு. “இவன் என் ஆளே இல்லை” என்கிறார் முதலாளி.

கடிதம் இல்லாததால் தொழிலாளி இல்லை என்றாகிவிடாது. வேலை செய்தீர்கள் என்று வேறு விதமாகக் காட்டலாம். ட்ரிப் கொப்பி இருக்கிறதா? எத்தனை கியூப், எந்த இடம், எவ்வளவு கழிவு என்று எழுதிய அந்த எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த கொப்பி, நீதிமன்றத்தில் நியமனக் கடிதத்துக்குக் குறைந்ததல்ல. “நாளைக்கு அஞ்சு மணிக்கு வண்டியை எடு” என்ற வட்ஸ்அப் குரல்பதிவு, ஈசி காஷ் வந்த குறுஞ்செய்தி, தராசுத் துண்டு, சாரதி பெயர் எழுதிய கனிமப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம், டீசல் பில்லில் போட்ட கையெழுத்து எல்லாம் சாட்சியம். போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள்.

குரல்பதிவு, வீடியோ போன்றவற்றை வழக்கில் காட்டுவதென்றால் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி விளக்கத் திகதிக்கு, அதாவது நீதிமன்றம் சாட்சியம் கேட்கும் விசாரணை நாளுக்கு, 45 நாளுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். ஆகவே சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். “கேஸ் அண்டைக்குக் காட்டி வெருட்டுவம்” என்று மறைத்து வைத்தால் உங்களுக்கே உதவாது.

எங்கள் பக்கமும் பிழை இருந்தால்? டிப்பரும் வேகமாகத்தானே வந்தது.

1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு, உங்கள் பக்கம் கொஞ்சம் பிழை என்பதற்காக வழக்கு முழுதாகத் தோற்காது. நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரிக்கும். டிப்பர் சாரதியின் இழப்பு 20 இலட்சம், அவர் பங்குப் பிழை 40 வீதம் என்று கண்டால் லொறிக்காரரிடமிருந்து 12 இலட்சம்.

கிளீனரின் நிலைமை வேறு. ஸ்டியரிங் அவர் கையில் இல்லை. டிப்பர் சாரதியின் வேகம் கிளீனரின் கணக்கில் ஏறாது. இரண்டு சாரதிகளும் கூட்டாகத் தீங்கு செய்தவர்கள். கிளீனர் இருவரையும் அவர்களுடைய முதலாளிமாரையும் சேர்த்து வழக்குப் போட்டு முழு நட்டஈட்டையும் கேட்கலாம். ஆருடைய பங்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள் தீர்க்கவேண்டிய சங்கதி. சரி, கிளீனர் கபினில் இடமிருக்க கிரவலுக்கு மேல் ஏறிப் படுத்திருந்தார் என்றால்? அப்போது அவருடைய பிழையென்றும் ஒரு பங்கு வரும்.

மரக்கொப்புக்கு வருவோம். கொப்பு வைத்தது முயற்சிதான், ஆனால் இருட்டில் கறுப்புத் தாரில் பச்சைக் கொப்பு முன்விளக்குக்கு மிகக் கிட்டத்தான் தெரியும். ஒளிதெறிக்கும் முக்கோணம் வைக்கவில்லை, பார்க்கிங் விளக்குப் போடவில்லை, அரை உடம்பைத் தாரில் விட்டிருந்தது என்றால் லொறிக்காரர் தப்புவது கடினம். அதேபோல, முன்விளக்கு வெளிச்சத்துக்குள் நிறுத்தமுடியாத வேகத்தில் வந்த டிப்பர்காரரும் தப்பமுடியாது. இப்படியான வழக்கில் நூற்றுக்கு நூறு ஒருபக்கப் பிழை என்று அடம்பிடிக்கும் கட்சிக்காரர் சட்டத்தரணியின் நேரத்தைத்தான் வீணாக்குகிறார்.

நீதவான் நீதிமன்றத்தில் லொறிச் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டார். இனி எனக்குக் காசு வருமா?

தானாக வராது. அது பொலிஸ் போட்ட வழக்கு, தண்டப்பணம் அரசாங்கத்துக்கு. உங்கள் நட்டஈட்டுக்கு நீங்கள்தான் வழக்குப் போடவேண்டும். அவர் ஒப்புக்கொண்டதை உங்கள் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம், நல்ல பலம். உறுதிப்படுத்திய பிரதி எடுத்து வையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. அவர் விடுதலையானாலும் உங்கள் வழக்கு சாகவில்லை. அங்கே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும்; இங்கே எது நடந்திருக்கக் கூடியது என்ற தராசு போதும். டிப்பர் சாரதிமாருக்கு ஒன்று: “தவணைக்கு அலையேலாது, ஒப்புக்கொண்டு ஆயிரத்தையோ இரண்டாயிரத்தையோ கட்டிப்போட்டுப் போவம்” என்று சட்டத்தரணியிடம் கேட்காமல் செய்யாதீர்கள். அந்த ஒப்புதல் பிறகு பெரிய வழக்கில் உங்களைத் தேடிவரும்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

காயத்துக்கான நட்டஈட்டு வழக்கு 2 வருடத்துக்குள். காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பொலிஸ் வழக்கு முடியட்டும், கம்பி எடுக்கும் ஒப்பரேஷன் முடியட்டும், பெரியவர் பேசி முடிக்கிறேன் என்றிருக்கிறார் என்று காத்திருந்தாலும் இந்த 2 வருடம் நிற்காது. பொலிஸ் வழக்கு முடியவே சிலவேளை அவ்வளவு காலம் எடுக்கும்.

மோதிய மற்ற வாகனம் இராணுவத்தினுடையது, வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையது, பிரதேச சபையின் குப்பை டிரக்டர் என்றால் இன்னும் அவசரம். அரசுக்கு எதிராக நட்டஈடு கேட்க 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்திருக்கிறது. ஆனால் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குப் போடமுன் ஒரு மாத எழுத்து அறிவித்தல் கொடுக்கவேண்டும். உள்ளூராட்சி சபைகளுக்கு அறிவித்தலோடு இதைவிடக் குறுகிய கால எல்லையும் உண்டு. முதல் மாதத்திலேயே சட்டத்தரணியைப் பாருங்கள். ஆமி வாகனத்துக்கு எதிராக வழக்குப் போடலாமா என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. போடலாம்.

காப்புறுதிக் கம்பனி மீது நேரே வழக்குப் போடலாமா?

வழமையான முறை அதுவல்ல. சாரதி, உரிமையாளர் மீது வழக்கு, கம்பனிக்கு அறிவித்தல், தீர்ப்பு வந்ததும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் கீழ் கம்பனி கட்டும். இதில் விழுந்து போகிற இடம் அந்த அறிவித்தல்தான். வழக்குத் தாக்கல் செய்ய முன்னரோ, தாக்கல் செய்து 7 நாளுக்குள்ளோ கம்பனிக்கு எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். விட்டால் வழக்கில் வென்றும் கம்பனியிடம் கேட்கமுடியாமல் போகலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, சிட்டையைப் பைலில் குத்துங்கள். சட்டத்தரணி செய்வார்தான், இருந்தாலும் “சேர், இன்சூரன்ஸ் நோட்டீஸ் போட்டாச்சா” என்று ஒருதரம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

உங்கள் முதலாளியின் பொலிசியில் சாரதி, உதவியாளருக்கென்று மேலதிகக் கட்டணம் கட்டித் தனிக் காப்பு எடுத்திருக்கவும் கூடும். முதலாளிக்கே அது நினைவில் இராது. பொலிசியின் பிரதியைக் கேளுங்கள்.

மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் பொலிஸ் பதிவு வேண்டும்.

மணல் பெர்மிட் இல்லாமல் ஓடியது. இனி ஒன்றும் கேட்க முடியாதா?

பெர்மிட் இல்லாதது தனிக் குற்றம். பின்னால் விளக்கில்லாமல் நின்ற லொறியின் பிழையை அது கழுவிவிடாது. ஆனால் காப்புறுதிக் கம்பனி இதை வைத்தும், அளவுக்கு மிஞ்சிய பாரத்தை வைத்தும், சாரதிக்குக் கனரக அனுமதிப்பத்திரம் இல்லாததை வைத்தும் வழுகப் பார்க்கும். சட்டத்தரணியிடம் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்புக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.

எவ்வளவு கேட்கலாம்?

“கால் முறிவுக்கு இவ்வளவு” என்று விலைப்பட்டியல் இல்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் பில் பெரிதாக இராது. அதைப் பார்த்து நட்டம் குறைவு என்று நினைக்கவேண்டாம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணக் கிளினிக்குக்கு ஒவ்வொரு முறையும் ஓட்டோவுக்கும் வானுக்கும் கொடுத்தது, வெளியில் வாங்கிய மருந்து, ஊன்றுகோல், பக்கத்தில் நிற்கவென்று மனைவி தையல் வேலையை விட்டதால் போன வருமானம் எல்லாம் கணக்கு. துண்டு இல்லாத செலவுக்குத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

பெரிய தொகை எதிர்கால உழைப்பில்தான் இருக்கிறது. முறிந்த இடது கால் பொருந்தும்போது கட்டையாகிவிட்டது என்று வையுங்கள். நடக்கிறார், சைக்கிள்கூட ஓடுகிறார். ஆனால் பாரமேற்றிய டிப்பரின் கிளச்சை நாள் முழுக்க மிதிக்க அந்தக் காலால் முடியாது. கனரகச் சாரதியின் சம்பளம் போய்க் கடைக் காவலாளியின் சம்பளம் வந்தால், அந்த இடைவெளி ஓய்வு வயதுவரை எவ்வளவு என்பதுதான் கேள்வி. வைத்திய நிபுணர் “40 வீத இயலாமை” என்று எழுதினால் மட்டும் போதாது. அந்த இயலாமையால் இவருடைய தொழிலில் எதைச் செய்யமுடியாது என்றும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு மேலே நோவு, வேதனை, பந்தடிக்கவோ வயலுக்குள் இறங்கவோ முடியாமல் போன வாழ்க்கை ஆகியவற்றுக்கும் தனியே கேட்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே வழக்கில் கேட்கவேண்டும். இப்போது ஆஸ்பத்திரிச் செலவு, பிறகு உழைப்பிழப்பு என்று பிரித்துப் போட்டால் இரண்டாவது நிற்காது.

ஆள் இறந்துவிட்டால்?

அவருடைய உழைப்பில் தங்கியிருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் வழக்குப் போடலாம். முன்பெல்லாம் பண இழப்பை மட்டும்தான் கேட்கமுடிந்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு, அவருடைய அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும் கேட்கலாம். மரண விசாரணை அறிக்கை, மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். யுத்தத்தில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. விவாகம் பதியாமலே வாழ்ந்தவர்களும் உண்டு. கச்சேரியில் பிரதி எடுக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள், அதுவே மாதக்கணக்கில் இழுக்கும்.

எந்த நீதிமன்றம்? எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?

விபத்து நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றம், அல்லது பிரதிவாதி வசிக்கும் இடத்து நீதிமன்றம். லொறி முதலாளி தம்புள்ளைக்காரர் என்பதற்காக நீங்கள் அங்கே ஓடத் தேவையில்லை. விபத்து நடந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். இங்கே நீதிமன்ற மொழி தமிழ்.

கோரிக்கைக் கடிதம், வழக்குரை, அழைப்பாணை, மறுமொழி, எழுவினாக்கள் (நீதிமன்றம் எதைத் தீர்க்கவேண்டும் என்று வகுக்கும் கேள்விகள்), விளக்கம், தீர்ப்பு என்று போகும். வருடக்கணக்கில் எடுக்கும், குறைத்துச் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை. தவணைக்கு இவ்வளவு, விளக்கத்துக்கு இவ்வளவு என்று சட்டத்தரணியிடம் முதலிலேயே பேசுங்கள். வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். கிராம அலுவலரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

இடையில் சமாதானத்துக்கு வருகிறார்கள். ஏற்கலாமா?

வழக்குப் போட்டபிறகு வரும் சமாதானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்ததைவிடப் பெறுமதியானது. கேட்டதில் குறைந்தாலும் கெதியில் கையில் வருவது நல்லது என்று நினைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், அது தோல்வி இல்லை. ஆனால் காயம் ஆறி, மிச்ச இயலாமை எவ்வளவு என்று வைத்தியர் சொன்னபிறகுதான். தகடு வைத்த எலும்பு பொருந்தமுன் விலை பேசாதீர்கள். பேசியதை நீதிமன்றத்தில் இணக்கமாகப் பதியுங்கள். கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தது போதாது. எத்தனை தவணையில் கட்டுவார், ஒன்று தவறினால் மிச்சம் முழுவதும் உடனே என்பதையும் அதில் எழுதவேண்டும்.

தீர்ப்பு வந்துவிட்டது, காசு வரவில்லை.

எதிர்த்தரப்பு மேன்முறையீடு செய்யலாம்: தீர்ப்பிலிருந்து 14 நாளுக்குள் அறிவித்தல், 60 நாளுக்குள் மனு. செய்யாவிட்டால், அல்லது தோற்றால், கம்பனிக்குத் தீர்ப்பாணையின் பிரதியை அனுப்புங்கள். அறிவித்தல் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் அங்கிருந்து காசோலை வரும்.

கம்பனி இல்லாத, காப்புறுதி காலாவதியான லொறி என்றால் நிறைவேற்று எழுத்தாணை எடுத்து உரிமையாளரின் ஆதனத்தைக் கைப்பற்றவேண்டும். முற்றத்தில் நிற்கும் லொறியைக் காட்டி “அதைப் பிடியுங்கோ” என்பார்கள். லீசிங் முடியாத லொறியைப் பிடித்துப் பயனில்லை, அதன் முற்றுரிமை கம்பனியிடம். காணி, வீடு, தவணைப் பணம் முடிந்த வேறு வாகனம் ஏதும் அவர் பெயரில் உண்டா என்று காணிப் பதிவகத்திலும் வாகனப் பதிவிலும் தேடிப் பார்த்து, விவரத்தோடு சட்டத்தரணியிடம் போங்கள்.